நாடகத்துக்கு விலக்கு, விளையாட்டுக்கு நோட்டீஸ்

பாகூர் பக்கத்தில் அறுவடை முடிந்து வயல் காயும் மாதங்களில் ஊருக்கு ஊர் திருவிழா. திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊரில் பாரதக் கூத்து. மற்ற ஊர்களில் கடைசி நாள் ராத்திரி வாலிபர் மன்றத்தார் நடத்தும் ‘சமூக நாடகம்’. எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் இதைத் தவறவிட்டவர் கிராமத்தில் குறைவு. நோட்டீஸில் ‘கதை, வசனம்’ என்று உள்ளூர்க்காரர் ஒருவர் பெயர் இருக்கும். இரண்டாவது காட்சி முடிவதற்குள் முன்வரிசைப் பெண்கள் எந்தெந்தப் படம் என்று சொல்லிவிடுவார்கள். அண்ணன் தம்பி பாசம் ஒரு படத்திலிருந்து வந்திருக்கும், கோர்ட் காட்சி இன்னொன்றிலிருந்து, நடுவில் சிரிப்புக்கு வருவது அப்படியே கவுண்டமணி–செந்தில். வசனத்தை டேப்பில் ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டி நோட்டில் இறக்கியவனுக்கு ஊரில் தனி மரியாதை. யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

சட்டம் தங்கள் பக்கம் இருந்தது அவர்களுக்கே தெரியாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, எவையெல்லாம் மீறல் ஆகாது என்று ஒரு நீண்ட பட்டியல் போடுகிறது. அதில் ஓர் உட்பிரிவு: தொழிலாகச் செய்யாத ஒரு மன்றமோ சங்கமோ ஓர் இலக்கிய, நாடக, இசைப் படைப்பை, பார்ப்பவரிடம் காசு வாங்காமலோ ஒரு சமய நிறுவனத்தின் நன்மைக்காகவோ நிகழ்த்தினால் அது மீறல் அல்ல. தழுவி நிகழ்த்தினாலும் இதே விலக்கு உண்டு. கோயில் திடலில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நின்ற நம் வாலிபர் மன்றத்தை நேரில் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருக்கும் அந்த வரி. கல்யாண ஊர்வலத்தில் மைக்செட்காரர் போடும் பாட்டுக்கும் அந்தப் பட்டியலில் ஓர் இடம் உண்டு.

அந்த வாலிபர்களின் பிள்ளைகள் இன்று நாடகம் போடுவதில்லை. பிடித்த படத்தை வைத்துக் கைப்பேசியில் விளையாடும் கேம் செய்கிறார்கள். வில்லியனூரிலும் மதகடிப்பட்டிலும் பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இது ஒரு வாரக்கடைசிப் பொழுதுபோக்கு. யூனிட்டி, கோடாட் போன்ற கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்கு எம்ஐடி 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் இருக்கிறது. கதாநாயகன் படத்தை வெட்டி ஒட்டி, அவன் கையில் அரிவாளைக் கொடுத்து, பின்னால் அந்தப் படத்தின் இசையையே ஓடவிட்டு, நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். அப்பா செய்ததைத்தான் பிள்ளையும் செய்கிறான். காசும் வாங்கவில்லை. ஆனால் 52-ஆம் பிரிவில் அவனுக்கு ஒரு வரி கிடையாது. அமெச்சூர் நாடகத்துக்கு விலக்கு தந்த சட்டம் அமெச்சூர் விளையாட்டை நினைத்துப் பார்த்ததே இல்லை. 1957-இல் அப்படி ஒன்று இல்லை, சரி. 2012-இல் சட்டத்தை விரிவாகத் திருத்தியபோது இருந்ததே?

சினிமாவை வைத்து விளையாடுவது இங்கே பழைய பழக்கம். பீஸ் போன பல்பின் அடியை உடைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, பிலிம் துண்டை நடுவில் பிடித்தால் வைக்கோல் போர் பக்கத்துச் சுவரில் சிவாஜி தெரிவார், பெரும்பாலும் தலைகீழாக. பிலிம் துண்டு டவுன் தியேட்டர்களிலிருந்து எப்படியோ வந்து பெட்டிக்கடையில் விற்கும். தென்னை மட்டைக் கத்தியில் எம்.ஜி.ஆர்–நம்பியார் சண்டை நடக்கும். நம்பியாராக இருக்க யாரும் ஒப்பமாட்டார்கள் என்பதால் கடைசியில் இளையவன்தான் நம்பியார். இதையெல்லாம் எந்தச் சட்டமும் தொட முடியாது, ஏனென்றால் இங்கே நகலே உண்டாகவில்லை. விளையாட்டு முடிந்ததும் மட்டை அடுப்புக்குப் போகும். கணினி விளையாட்டு அப்படியல்ல. அதில் விளையாடுவதற்கு முன்பே நகல் எடுத்தாக வேண்டும். படம், ஒலி, எழுத்து எல்லாம் ஒரு கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. எத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கோப்பே சாட்சி சொல்லும்.

புதுச்சேரி மண்ணுக்கு இந்த உரிமைத் தகராறில் ஒரு விசித்திரமான பங்கு இருக்கிறது. தமிழ் நாடக உலகுக்கு ஆசானான சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. அவருடைய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் எத்தனை ஆயிரம் மேடை ஏறியிருக்கும் என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. எழுதியவை அறுபத்தெட்டு என்பார்கள். கிடைப்பவை அதில் ஒரு பங்குதான். கையால் படியெடுத்து, மனப்பாடம் பண்ணி, வாத்தியாரிடமிருந்து சிஷ்யனுக்குப் போனவை தப்பின. பூட்டி வைக்கப்பட்டவை போயின. அனுமதி பெறாத நகல்தான் அவரைக் காப்பாற்றியது என்று நான் சொன்னால் வழக்கறிஞர்களுக்குப் பிடிக்காது. உண்மை அதுதான்.

அவர் நாடகம் சொல்லிக்கொடுத்து வளர்ந்த பிள்ளைகள் டி.கே.எஸ். சகோதரர்கள். 1948-இல் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதியின் கண்ணன் பாட்டிலிருந்து ஒரு பாட்டைச் சேர்த்தார்கள். பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை தன்னிடம் இருக்கிறது என்று ஏவி. மெய்யப்பச் செட்டியார் வழக்குப் போட்டார். முறையாகக் காசு கொடுத்து வாங்கிய உரிமைதான் அது, அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் ஒளிந்து வாழ்ந்து, கடனோடும் பசியோடும் எழுதியவை அந்தப் பாட்டுகள். அவற்றைப் பாட ஒரு ஸ்டூடியோவின் சம்மதம் வேண்டுமா என்று தமிழ்நாடு கொதித்தது. 1949-இல், திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூரிலிருந்து முதலமைச்சரான ராமசாமி ரெட்டியாரின் அரசு பாரதி படைப்புகளின் உரிமையை வாங்கிப் பொதுச்சொத்தாக்க முடிவெடுத்தது. செட்டியார் தன் பங்கை விலையில்லாமல் விட்டுக்கொடுத்தார். ஒரு கவிஞனின் எழுத்தை அரசே வாங்கி மக்களுக்கு விட்டது நாட்டில் அதுதான் முதல் தடவை. ஆ.இரா. வேங்கடாசலபதி இந்தக் கதையைத் தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார்.

பிறகு வந்த கேசட் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியல் எழுதிய தாளையும் கொடுத்தால் சாயங்காலம் பதிந்து தருவார்கள். அது அப்பட்டமான மீறல். ஊரே வாடிக்கையாளர். அதன் பின்னாலேயே டிவியில் மாட்டும் கேம் பெட்டிகள் வந்தன. மஞ்சள் கேட்ரிட்ஜின் மேல் நூற்றுக்கணக்கில் விளையாட்டு என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது ஏழெட்டுதான், மற்றவை அதே விளையாட்டுக்கு வேறு பெயர். பிரவுசிங் சென்டர்களில் ‘வைஸ் சிட்டி’ ஓடியது. அதன் நாயகன் உடம்பில் நம் நடிகர்களின் முகத்தை ஒட்டிய பிரதிகளும் சுற்றின. சினிமாவை வைத்துத் தானே ஒரு கேம் செய்யலாம் என்ற ஆசை நிறையப் பேருக்கு அங்கேதான் முளைத்திருக்கும். சட்டப்படி பார்த்தால், அசலை முறையாக வாங்கியவன் தன் சொந்த உபயோகத்துக்கு, வியாபாரம் இல்லாமல், நிரலை மாற்றிக்கொள்ள 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தக் காலத்தில் அசலை முறையாக வாங்கியவனை நான் பார்த்ததில்லை.

இன்று ஊரில் யாரிடம் பேசினாலும் முதலில் வருவது ஒரே கேள்வி. “அண்ணே, காசு வாங்கலையே, அப்புறம் என்ன?” அடுத்தது, “அது ஃபேர் யூஸ்லண்ணே.” இரண்டாவதை யூடியூபில் கற்றிருக்கிறார்கள். அது அமெரிக்கச் சரக்கு. அங்கே 1976 சட்டத்தின் 107-ஆம் பிரிவு நான்கு அளவுகோல்களைக் கொடுத்து, எந்தப் பயன்பாட்டையும் அவற்றின் மேல் வைத்து நிறுத்துப் பார்க்க நீதிபதியிடம் விட்டுவிடுகிறது. எதற்காக எடுத்தான், எடுத்தது எந்த மாதிரிப் படைப்பு, எவ்வளவு எடுத்தான், அதனால் சந்தை கெட்டதா என்பவை அந்த நான்கு. நம் சட்டத்தில் இருப்பது ‘நியாயமான கையாளல்’. இங்கே காரணங்கள் முன்கூட்டியே எண்ணி வைக்கப்பட்டவை: ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்த உபயோகம், விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்புச் செய்தி. உன் காரியம் இவற்றில் ஒன்றுக்குள் நுழைந்தால்தான் அது நியாயமா இல்லையா என்ற பேச்சே. பட்டியலுக்கு வெளியே நின்றால் எவ்வளவு நல்ல மனசோடு செய்தாலும் கதவு திறக்காது.

சொந்த உபயோகம் என்ற கதவு கொஞ்சம் பெரிது. வீட்டில் உட்கார்ந்து ‘கைதி’ படத்தை வைத்து ஒரு கேம் செய்து, தானும் தம்பியும் விளையாடுகிற வரை யாரும் எதுவும் சொல்வதற்கில்லை. பள்ளிக்கூடத்தில் பாடத்தின் பகுதியாகச் செய்து வாத்தியாருக்குக் காட்டினாலும் ஆசிரியர், மாணவருக்கான தனி உட்பிரிவைச் சொல்லி வாதாடலாம். பிளே ஸ்டோரில் ஏற்றும் பொத்தானை அழுத்தும் கணத்தில்தான் எல்லாம் மாறுகிறது. சட்டத்தின் கண்ணில் அது பொதுமக்களிடம் கொண்டுசேர்ப்பது. திருவிழா நாடகம் கூம்பு ஸ்பீக்கர் எட்டும் தூரத்தோடு நின்றது. இது டொராண்டோ வரை கேட்கும்.

காசு வாங்காததால் குற்றம் இல்லாமல் போகுமா என்றால் போகாது. 63-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யாவிட்டால், தீர்ப்பில் தனிக் காரணம் எழுதி, நீதிமன்றம் இதைவிடக் குறைவான தண்டனை தரலாம். அவ்வளவுதான் சலுகை. இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாக்கியது. ஒரு கல்லூரிப் பையனின் பொழுதுபோக்குக் கேமுக்காக வில்லியனூர் ஸ்டேஷனில் எஃப்ஐஆர் போடுவார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. நடைமுறையில் நடப்பது, ஒரு மின்னஞ்சல் வரும், கேம் காணாமல் போகும். 2013 விதிகளின்படி, புகார் வந்த 36 மணி நேரத்துக்குள் அந்தத் தளம் அதை எடுத்தாக வேண்டும். 21 நாளுக்குள் புகார்காரர் கோர்ட் உத்தரவு கொண்டுவராவிட்டால் தளம் அதைத் திரும்ப வைக்கலாம். இந்த இருபத்தொரு நாள் விஷயம் பையன்கள் பலருக்குத் தெரியாது. மெயில் வந்ததும் பயந்து கணக்கையே அழித்துவிடுகிறார்கள்.

பயம் வீண் என்றும் சொல்ல முடியாது. புதுச்சேரித் தெருக்களில் எடுத்த ‘நானும் ரௌடி தான்’ படத்தை ஊரே சொந்தப் படமாகக் கொண்டாடியது. 2024 நவம்பரில் அதன் படப்பிடிப்புத் தளத்தில் பதிவான மூன்று விநாடிக் காட்சியைப் பயன்படுத்தியதற்காகத் தயாரிப்பாளர் தனுஷ் தரப்பு நயன்தாராவுக்குப் பத்துக் கோடி கேட்டு நோட்டீஸ் அனுப்பியது, பிறகு அது சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நாயகியாக நடித்தவருக்கே அந்த நிலை. படம் எடுக்கும்போது மாடியில் நின்று வேடிக்கை பார்த்தவன் அதை வைத்துக் கேம் செய்தால் என்ன ஆகும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

பத்துக் கோடி என்ற அதே தொகை இன்னொரு வழக்கிலும் வருகிறது. அது உண்மையிலேயே ஓர் இலவச விளையாட்டைப் பற்றியது. ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தால் பங்குனி ஆமைகளுக்கு ஆபத்து என்று சொல்ல கிரீன்பீஸ் அமைப்பு 2010-இல் பேக்மேன் பாணியில் ஒரு கேம் செய்தது. ஆமை ஓடும், டாடா சின்னங்கள் துரத்தும். டாடா நிறுவனம் பத்துக் கோடி நஷ்டஈடு கேட்டது. 2011 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. கேலியும் மிகைப்படுத்தலும் பொது விவாதத்தின் பகுதி, அதற்கு வணிகச் சின்னச் சட்டத்தை வைத்துப் பூட்டுப் போட முடியாது என்பது அதன் சாரம். அது பதிப்புரிமை வழக்கல்ல. ஆனாலும், விளையாட்டு என்றால் சிறுபிள்ளைச் சமாசாரம் என்று ஒதுக்காமல் அதையும் ஒரு பேச்சாக எடுத்துக்கொண்ட நீதிமன்றம் இந்த நாட்டில் உண்டு. நாடகத்தில் இதற்கு முன்னோடி கேரளம். தோப்பில் பாசியின் புகழ்பெற்ற நாடகத்துக்கு எதிர்நாடகம் எழுதிய சிவிக் சந்திரனுக்கு, மூலத்தை விமர்சிக்க அதிலிருந்து எடுத்துக்கொண்டது நியாயமே என்று 1996-இல் அங்கே தீர்ப்பு வந்தது. ஆக, நாயகனைத் துதிக்கிற கேமைவிட அவனைக் கிண்டல் பண்ணுகிற கேமுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு அதிகம். ரசிகர் மன்றங்களிடம் இதை யார் போய்ச் சொல்வது?

எதை எடுக்கலாம் என்பதில் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு இன்றும் அழியவில்லை. ‘ஹம் ஹிந்துஸ்தானி’ நாடகத்தைத் திருடி ‘நியூ டெல்லி’ படம் எடுத்தார்கள் என்பது புகார். மாகாண வெறி என்ற கருத்து இரண்டிலும் இருக்கிறது. கருத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உரிமை என்றது நீதிமன்றம். நம் பையனின் ‘கைதி’ கேமுக்கே இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஒரே ராத்திரியில், துரத்துகிறவர்களிடமிருந்து தப்பி, லாரியை ஓட்டிப் போய்ச் சேர்க்க வேண்டும் என்பது கருத்து. அதை எடுத்துக் கன்னியக்கோயிலிலிருந்து வில்லியனூர் வரை, ஏரிக்கரையும் கரும்பு வயலுமாக ஒரு பாதை வரைந்து, நெல் மூட்டை ஏற்றிய லாரியை ஓடவிட்டால், தேரோட்டத் தெருவில் கூட்டத்துக்கு நடுவே அது மாட்டிக்கொண்டால், அது அவனுடைய விளையாட்டு. கார்த்தியின் முகம், டில்லி என்ற பெயர், கைவிலங்கோடு பிரியாணி சாப்பிடும் அந்தக் காட்சி, அந்தப் பின்னணி இசை எல்லாம் வந்தால் அது படத்தின் நகல்.

கருத்துக்கும் சொன்ன விதத்துக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்பதில் பெரியவர்களே முட்டி மோதுகிறார்கள். ஆரூர் தமிழ்நாடன் 1996-இல் ‘இனிய உதயம்’ இதழில் எழுதிய ‘ஜூகிபா’ கதையும் ‘எந்திரன்’ படமும் பல வருஷம் நீதிமன்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. 2018-இல் ‘சர்கார்’ கதை, எழுத்தாளர் சங்கத்தில் பாக்யராஜ் தலையிட்டு, டைட்டிலில் வருண் ராஜேந்திரன் பெயரைப் போட்டு முடிந்தது. தலைப்புக்கு மட்டும் பதிப்புரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அதே தலைப்பு வணிகச் சின்னமாகப் பதிவாகியிருந்தால் வேறு வழியில் பிடிப்பார்கள். பாத்திரங்களுக்கும் உரிமை உண்டு. தொண்ணூறுகளில் ‘நாகராஜ்’ என்ற இந்தி காமிக்ஸ் நாயகனைப் பார்த்து இன்னொரு பதிப்பகம் பாம்பு நாயகன் ஒருவனை உண்டாக்க, டெல்லி உயர் நீதிமன்றம் தடை போட்டது. போலி நாயகனுக்கு வைத்த பெயர் நாகேஷ்!

முகம் தனி விவகாரம். ரஜினிகாந்த் 2015-இல் ஒரு இந்திப் படத்தின் தலைப்பில் தன் பெயரைப் பயன்படுத்தியதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். அந்தப் படம் பெயர் மாறி வந்தது. 2023 ஜனவரியில் தன் பெயர், குரல், உருவம், கேலிச்சித்திரம் எதையும் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று வழக்கறிஞர் மூலம் பொது அறிவிப்பே கொடுத்தார். சுவரில் கரியால் ரஜினி வரைந்து வளர்ந்த தலைமுறைக்கு இது கசக்கும். ஆனால் அவர் முகத்தை ஏஐ இப்போது ஒரு நொடியில் எந்த உடம்பிலும் ஒட்டிவிடுகிறது. அவர் கவலையும் பொய்யில்லை.

படக் கம்பெனிகள் முறுக்கிக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு படத்தை வைத்துக் கேம் என்பது விற்கக்கூடிய பண்டமாகவே இல்லை. 2008-இல் ‘கஜினி’ இந்திப் படத்துக்கு ஹைதராபாத்தின் எஃப்எக்ஸ் லேப்ஸ் கணினி விளையாட்டு செய்தது. 2011-இல் ‘ரா.ஒன்’ பிளேஸ்டேஷனுக்கு வந்தது. 2013-இல் உடுப்பியின் 99கேம்ஸ் ‘தூம் 3’ கேமைச் செய்து கோடிக்கணக்கான கைப்பேசிகளில் இறக்கியது. 2017-இல் பெங்களூரின் மூன்ஃபிராக் ‘பாகுபலி’ செய்தது. இவர்கள் உரிமம் வாங்கிச் செய்தவர்கள். இலவசமாக ஒருவன் செய்துவிட்டால் இந்த உரிமத்தின் விலை என்ன ஆகும் என்று தயாரிப்பாளர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். பதில், பாகூர்ப் பையன் செய்யும் மூன்று லெவல் கேமால் எதுவும் ஆகாது.

வெளிநாட்டில் இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. ‘கோல்டன்ஐ’ ஜேம்ஸ்பாண்ட் படத்தின் பழைய கேமை ரசிகர்கள் சேர்ந்து ‘கோல்டன்ஐ 25’ என்று புதிதாகச் செய்துகொண்டிருந்தார்கள். 2020-இல் உரிமைக்காரர்களின் நோட்டீஸ் வந்தது. பாண்ட் சமாசாரங்களை உருவிவிட்டு வேறு பெயரில் தங்கள் சொந்த விளையாட்டாகத் தொடர்ந்தார்கள். இதற்கு நேர் எதிராக ஜப்பானின் சேகா கம்பெனி, தன் சோனிக்கை வைத்து ரசிகர்கள் செய்யும் இலவச கேம்களைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அப்படிச் செய்து பழகிய கிறிஸ்டியன் வைட்ஹெட்டைக் கூப்பிட்டு வேலை கொடுத்து, 2017-இல் ‘சோனிக் மேனியா’ வெளியிட்டது. நம் பெரிய தயாரிப்பு நிறுவனங்களில் ஒன்றாவது, இன்னின்ன வரம்புக்குள் ரசிகர்கள் இலவச கேம் செய்துகொள்ளலாம் என்று ஒரு பக்கம் எழுதி வைத்தால் எவ்வளவோ பிரச்சினை தீரும். சட்டத்திலும், அமெச்சூர் நாடகத்துக்கு எழுதிய வரியோடு விளையாட்டையும் சேர்த்து எழுதுவதில் யாருக்கு என்ன நஷ்டம்? காசு வாங்காதது, விளம்பரம் இல்லாதது, மூலத்தின் பெயரைச் சொல்வது என்ற மூன்று நிபந்தனை போதும்.

இசைதான் பையன்கள் அதிகமாக மாட்டிக்கொள்ளும் இடம். வீடியோ தளங்களில் பாட்டை இயந்திரமே கண்டுபிடிக்கிறது, மனிதர் யாரும் கேட்க வேண்டியதில்லை. இளையராஜா 2017-இல் எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் அனுப்பியபோது ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்துக்குப் போனபோது அவ்வளவு ஆச்சரியப்படவில்லை, பழகிவிட்டது. இந்தச் சிக்கலுக்கு அழகான விடை கண்டவர்கள் டொராண்டோவின் விசை கேம்ஸ். அவர்களுடைய ‘வெண்பா’ கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையல் விளையாட்டு. அதில் வானொலியில் ஒலிக்கும் பாட்டுகள் ஒவ்வொரு காலகட்டத்துத் தமிழ்ச் சினிமா வாசனையோடு புதிதாக மெட்டமைத்தவை. கேட்டால் எண்பதுகளின் பாட்டு என்று சத்தியம் செய்யலாம். எந்தப் படத்தின் பாட்டும் இல்லை. 2024-இல் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது.

படம் வரையவும் இசை போடவும் தெரியாதவனுக்கு ஓபன் கேம் ஆர்ட் போன்ற தளங்களில் சுதந்திர உரிமத்தில் படங்களும் ஒலிகளும் கிடைக்கின்றன. புதுச்சேரியில் சுதந்திர மென்பொருள் வன்பொருள் இயக்கத்தினரும் விழுப்புரத்தில் விஜிஎல்யூஜி அமைப்பினரும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இந்த உரிமங்களைப் பற்றிப் பல வருஷமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். சட்டக் கல்லூரியில் படிக்காமல் பதிப்புரிமையை ஒழுங்காகப் பேசத் தெரிந்த பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமானால் அங்கே போகலாம்.

சினிமாவையேதான் எடுப்பேன் என்று அடம்பிடிப்பவனுக்கும் ஒரு வழி உண்டு, பழைய படம். வெளியான வருஷம் கழிந்த அடுத்த ஜனவரியிலிருந்து அறுபது வருஷம்தான் ஒரு திரைப்படத்தின் உரிமை. அந்தக் கணக்கில் 1965-ஆம் ஆண்டுப் படங்களின் காலம் 2025 டிசம்பரோடு தீர்கிறது. அந்த வருஷத்துப் படம் ‘ஆயிரத்தில் ஒருவன்’. அடிமைகள், கடற்கொள்ளைக் கப்பல், எம்.ஜி.ஆர்–நம்பியார் கத்திச் சண்டை என்று கேமுக்கென்றே பந்துலு எடுத்ததுபோல இருக்கும். காட்சிகளை எடுக்கும்போது பழைய பிரதியிலிருந்து எடுப்பது நல்லது. 2014-இல் டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டதை எடுத்தால் புதுப்பித்தவர்கள் தங்கள் பங்குக்கு வாதாட வருவார்கள். நாயகி ஜெயலலிதாவின் உருவத்துக்கு வாரிசுகள் உரிமை கேட்பார்களோ என்ற சந்தேகத்துக்கு, ‘தலைவி’ பட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இலேயே பதில் சொல்லியிருக்கிறது: ஒருவர் வாழ்நாளில் அனுபவித்த அந்தரங்க உரிமையும் புகழும் அவரோடு முடிந்துபோகின்றன, வாரிசுக்குப் போவதில்லை.

பாட்டைத் தொடக் கூடாது. படத்துக்கும் ஒலித்தட்டுக்கும் வெளியான வருஷத்தை வைத்துக் கணக்கு. பாடல் வரிக்கும் மெட்டுக்கும் அவற்றைப் படைத்தவர் இறந்த பின் அறுபது வருஷம். ஏவி.எம்.மின் ‘அன்பே வா’ 1966 பொங்கலுக்கு வந்தது. அதன் உரிமை 2026 முடிவில் தீரும். 2027 ஜனவரி முதல் அதன் எம்.ஜி.ஆரையும் சரோஜாதேவியையும் சிம்லாவையும் கேமில் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பாட்டெழுதிய வாலி 2013-இல் மறைந்தார், வரிகளுக்கு 2073 முடிய உரிமை இருக்கிறது. இசையமைத்த எம்.எஸ்.வி. 2015-இல் மறைந்தார், மெட்டுகளுக்கு 2075 முடிய. அதுவரை அந்த கேமில் எம்.ஜி.ஆர். வாயை மட்டும் அசைக்கலாம்.